நானுஓயா இறக்கத்தில் மங்கிப்போகும் முகப்பு விளக்கு: பெரிய பல்பை வண்டியின் சார்ஜிங் தாங்குமா?

இரவுப்பயணி (தலவாக்கலை):

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மாலை முறை வேலை செய்கிறேன். இரவு பதினொரு மணிக்குப் பிறகு நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் இறங்க வேண்டும். வண்டி 2014ஆம் ஆண்டின் 150 சிசி இந்தியத் தயாரிப்பு, கார்புரேட்டர் உள்ளது, பற்றரி 12 வோல்ட், 9 அம்பியர்-மணி. முகப்பு விளக்கில் கம்பெனியிலிருந்து வந்த வகையான 35/35 வாட் (ஹையில் 35, டிம்மில் 35) எச்.எஸ்.1 பல்புதான் இன்றும் இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் போட்டாலே விளக்கு எரியும்.

மாலையில் நுவரெலியாவை நோக்கி ஏறும்போது விளக்கைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இரவில் இறங்கும்போதுதான் சிரமம். வளைவுக்கு முன்னால் த்ரொட்டிலை விட்டுவிட்டு பிரேக்கைப் பிடித்தவுடன் வெளிச்சம் மஞ்சளாகி மங்கிவிடுகிறது. சிக்னலையும் போட்டால், அது சிமிட்டும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. அந்த நேரத்தில் பனிமூட்டமும் இறங்கிவிட்டால், தார் எங்கே முடிகிறது, இடப்பக்கத்துக் கான் (வடிகால்) எங்கே தொடங்குகிறது என்பதே தெரிவதில்லை.

கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு யோசனை சொல்கிறார்கள். ஒரு கடையில் 100/90 வாட் பல்பு போடச் சொன்னார்கள். இன்னொரு கடையில் பெட்டியின் மேல் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பைக் காட்டினார்கள். நண்பர் ஒருவர், கிராஷ் பாரில் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் பூட்டினால் போதும் என்கிறார். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து வண்டிகளின் விலை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வண்டியை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். வயரிங்கைக் கருக்கிக்கொள்ள என்னால் முடியாது. ஆகவே செலவு செய்வதற்கு முன் கேட்கிறேன். இப்படியொரு வண்டியின் சார்ஜிங் எவ்வளவு சுமையைத் தாங்கும்? அதை நானே எப்படிக் கணக்கிடுவது? பனிமூட்டத்தில் உண்மையாகவே உதவுவது எது? காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வயரிங்காரர் (ஹட்டன்):

தம்பி, ஏறும்போது நன்றாக எரிகிற விளக்கு இறங்கும்போது மங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் மின்சாரத்தை உண்டாக்குவது எஞ்சினின் இடப்பக்க மூடிக்குள் இருக்கும் மெக்னெட் கொயில். காந்தங்கள் பதித்த சக்கரம் கொயிலைச் சுற்றிச் சுழல்கிற வேகத்துக்கு ஏற்பத்தான் அது மின்சாரம் தரும். இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று ஓடுகிறது. கொயிலும் தன் முழு வலுவைக் கொடுக்கிறது. இறக்கத்தில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருட்டினால், எஞ்சின் 1,400 சுற்றுக்கு வந்துவிடுகிறது. அப்போது முழு வலுவில் பாதி கூடக் கிடைக்காது.

இப்போது செலவைப் பாருங்கள். 100 முதல் 150 சிசி வரையிலான பெரும்பாலான வண்டிகளின் கொயில், நல்ல சுற்றில் ஏறத்தாழ 100 வாட் தரும் அளவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. முகப்பு விளக்குக்கு 35 வாட் போகிறது. பின் விளக்குக்கு 5, மீற்றர் விளக்குகளுக்கும் இக்னிஷனுக்குமாகச் சேர்த்து 20 வாட் அளவில் போகிறது. இதுவரைக்கும் சமாளிக்கலாம். பிரேக்கைத் தொட்டதும் பின்னால் 21 வாட் பல்பு ஒன்று எரியத் தொடங்குகிறதே, அதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிக்னல் போட்டால் 10 வாட் பல்புகள் இரண்டு அதன்மேல் சிமிட்டுகின்றன. வரவு மிகக் குறைகிற அதே நொடியில் செலவு உச்சத்துக்குப் போகிறது, மீதியைப் பற்றரி கட்டுகிறது. சமதரையில் இது சில நொடிகளில் முடிந்துவிடும். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வரை ஏறத்தாழ 600 மீற்றர் உயரம் இறங்குகிற வீதியில், பயணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகும். ரதல்ல குறுக்கு வீதியால் இறங்குகிறவர்களுக்கு இன்னும் மோசம்.

100/90 வாட் பல்பைப் போடவே வேண்டாம். டிம்மில் மட்டும் ஏழரை அம்பியர் இழுக்கும். உங்கள் ஹேண்டில் சுவிட்சும் வயரும் மூன்று அம்பியருக்காகச் செய்யப்பட்டவை. மின்னோட்டம் இரண்டரை மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு ஆறு மடங்குக்கு மேல் போகும், ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஹோல்டர் உருகி, சுவிட்சின் செப்புத் தகடு நீலம் பாய்ந்து, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு பல்புக்கு மேலே பழுப்பாகிப்போன வண்டிகள் எங்கள் கராஜுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் மல்டிமீற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு அளவுகளை எடுங்கள். ஐட்லிங்கில் (த்ரொட்டிலைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) டிம்மும் பிரேக்கும் எரிய பற்றரியின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட்? அதே நிலையில் பல்பின் ஹோல்டரில் எத்தனை? பிறகு 4,000 சுற்றில் அதே இரண்டு இடங்களிலும் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. மின்னோட்டம் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். பல்பு எரிந்துகொண்டிருக்க, பல்பில் செருகியிருக்கும் கப்ளரின் பின்பக்கத்தால் மீற்றர் ஊசியைச் செருகிப் பாருங்கள்.

அதுவரை செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். இறக்கத்தில் கிளட்ச்சைப் பிடிக்காமல், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் 3,000 சுற்றுக்குக் கீழே வராது. விளக்கும் மங்காது, பிரேக்கும் சூடேறாது.

ஒளிப்பாடம் (பண்டாரவளை):

மின்சாரப் பக்கத்தை ஹட்டன் நண்பர் தெளிவாக எழுதிவிட்டார். நான் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறேன், இரவில் வெலிமடை வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனும்கூட; ஆகவே விளக்கின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எச்.எஸ்.1 பல்புக்கு 13.2 வோல்ட்டில் நிர்ணயிக்கப்பட்ட வெளிச்சம், ஹையில் 825 லூமன், டிம்மில் 525 லூமன். கார்களில் வரும் 60/55 வாட் எச்4 பல்புக்கு இவை 1,650, 1,000. இந்த 13.2 வோல்ட் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட் அளவோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். வெளிச்சம் மஞ்சளாவதும் அதனால்தான், இழை சூடு குறைந்து எரிகிறது.

அடுத்தது ரிஃப்ளெக்டர். எச்4, எச்.எஸ்.1 இரண்டிலும் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம் இழையின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பார்க்கலாம். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேற்பாதிக்கு மட்டும் ஒளியை அனுப்புகிறது. அங்கிருந்து அது வீதியை நோக்கிக் கீழே இறங்குகிறது. சுவரில் டிம்மை அடித்தால் தெரிகிற கூர்மையான மேல்விளிம்பு அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான். கிண்ணத்தின் ஒரு பக்கம் 15 பாகை சாய்த்து வெட்டப்பட்டிருப்பதால், நம்முடையதைப் போல இடப்பக்கமாக ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த விளக்கில் அந்த விளிம்பு இடப்புறத்தில் மேலேறி, வீதியோரத்தைக் கொஞ்சம் தூரத்துக்குக் காட்டும். உங்களுக்குத் தெரியாமல் போகிற கானை இரவில் காட்ட வேண்டிய பகுதி அதுதான்.

இந்தக் கிண்ணத்தையும், மயிரளவு தடித்த இழையின் இடத்தையும் நம்பியே ரிஃப்ளெக்டரின் வளைவு அமைக்கப்பட்டுள்ளது. எல்.இ.டி. பல்பில் இழை இருந்த இடத்தில் ஒரு தகடும் அதன் இரு பக்கங்களிலும் சில்லுகளும் இருக்கின்றன. தகட்டின் தடிப்பால் ஒளி பிறக்கும் இடம் குவியத்திலிருந்து விலகிவிடும். விலை குறைந்தவற்றில் விளிம்பே கலைந்து, ஒளியில் ஒரு பங்கு எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் இன்னொரு பங்கு தலைக்கு மேலுள்ள பனிக்குள்ளும் போகிறது. பெட்டியில் போட்டிருக்கும் 20,000 லூமனை நம்ப வேண்டாம். அந்தப் பல்பு 13 வோல்ட்டில் எத்தனை அம்பியர் எடுக்கிறது என்று கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு அம்பியர் எடுக்கிற பொருள் இருபது, இருபத்தைந்து வாட் பொருள்தான். இருபத்தைந்து வாட்டிலிருந்து 20,000 லூமன் பிறக்க வழியே இல்லை.

பழையவண்டி (மஸ்கெலியா):

மேலேயுள்ள நண்பர் எல்.இ.டி.யை முழுவதுமாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் தம்பியின் வண்டியில் எல்.இ.டி. பல்புதான் இருக்கிறது. நோர்வூட் வீதியில் தெளிவான இரவில் நல்ல வெளிச்சம் தருகிறது, ஐட்லிங்கிலும் மங்குவதில்லை. குறைந்த வாட்டில் எரிவதால் பற்றரிக்கும் நல்லது. இந்த நன்மைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சந்தேகம். என்னிடம் பழைய ஜப்பான் வண்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடினால் மட்டுமே முகப்பு விளக்கு எரியும், த்ரொட்டிலைத் திருகத் திருக வெளிச்சம் கூடும். அதற்கு எல்.இ.டி. போட்டால் மின்மினியைப் போல மினுங்குகிறது. என்ன செய்யலாம்?

வயரிங்காரர் (ஹட்டன்):

அண்ணன், எல்.இ.டி. ஐட்லிங்கில் மங்காது என்பது உண்மை. அதற்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று, வோல்ட் குறைந்தாலும் மின்னோட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் இங்கே கேட்கப்பட்டது பனிமூட்டத்துக்கு. அங்கே விளிம்பு கலைந்த வெளிச்சம் கெடுதல்தான் செய்யும்.

உங்கள் பழைய வண்டியில் முகப்பு விளக்குக்குக் கொயிலிலிருந்து நேரடியாக, திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் போகிறது. பற்றரிக்குப் போவது தனியாக, அதுவும் அலையின் ஒரு பாதி மட்டும். அந்த மின்சாரத்தில் சாதாரண எல்.இ.டி. மினுங்கும், த்ரொட்டிலைத் திருகும்போது வோல்ட் உயர்ந்து எரிந்தும் போகலாம். முறையான வழி, கொயிலின் ஒரு முனை எஞ்சின் உடலோடு எர்த் ஆகியிருப்பதைப் பிரித்து வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் முழு அலையையும் ஒரே திசை மின்சாரமாகத் திருத்துகிற ரெகுலேட்டருக்குக் கொடுத்து, முகப்பு விளக்கைப் பற்றரிப் பக்கம் மாற்றுவது. எஞ்சின் மூடியைக் கழற்றிச் செய்யும் வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள். கொயிலைத் தடித்த கம்பியால் மறுபடி கட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். காந்தம் அதேதான், இரும்பின் இடைவெளியும் அதேதான். தடித்த கம்பி கட்டினால் கொயிலில் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை குறையும். அதிக வேகத்தில் மின்னோட்டம் கூடினாலும் ஐட்லிங்கில் வோல்ட் இன்னும் கீழே போகும். மலைநாட்டில் நமக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது.

இரவுப்பயணி (தலவாக்கலை):

ஹட்டன் அண்ணன் சொன்னபடி அளந்தேன். ஐட்லிங்கில் டிம்மும் பிரேக்கும் எரிய, பற்றரியில் 12.3 வோல்ட், பல்பின் ஹோல்டரில் 11.2. 4,000 சுற்றில் பற்றரியில் 14.1, ஹோல்டரில் 12.9. பிரேக்கை விட்டால் ஐட்லிங்கில் பற்றரி 12.7க்கு ஏறுகிறது. மீற்றரின் ஒரு ஊசியை ஹோல்டரின் எர்த் முனையிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸிலும் வைத்துப் பார்த்தபோது அங்கே மட்டும் 0.5 வோல்ட் காட்டியது.

விளக்கின் டூமை (வெளிக்கூட்டை)த் திறந்து கப்ளரை இழுத்துப் பார்த்தேன். மூன்று பின்களில் எர்த் பின்னைச் சுற்றிப் பச்சைப் பொடி படிந்திருந்தது. அந்தப் பக்கத்து வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, விரலால் தொட்டால் உதிர்கிறது.

வயரிங்காரர் (ஹட்டன்):

மிகவும் நல்லது தம்பி, இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் கொயிலும் ரெகுலேட்டரும் நலமாக இருக்கின்றன. 4,000 சுற்றில் 14.1 என்பது சரியான அளவு. பற்றரியிலிருந்து பல்புக்குப் போவதற்குள் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. பண்டாரவளை ஆசிரியர் சொன்ன அடுக்கை வைத்துக் கணக்கிட்டால், ஓடும்போது உங்கள் பல்பு 92 சதவீத வெளிச்சம் தருகிறது, பிரேக் பிடித்து ஐட்லிங்கில் இறங்கும்போது 57 சதவீதம்தான் தருகிறது. 525 லூமன் வர வேண்டிய இடத்தில் 300 லூமன்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது எர்த், அதாவது மின்சாரம் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை. பெரும்பாலான வண்டிகளில் முகப்பு விளக்கின் எர்த் வண்டிச் சட்டத்தோடு எங்கோ ஒரு போல்ட்டில் சேர்கிறது. சிலவற்றில் ஸ்டியரிங் கோப்பையின் குண்டுகள் வழியாகவே கடக்கிறது. கிரீஸும் துருவும் உள்ள அந்தப் பாதையை நம்ப வேண்டாம். ஹோல்டரிலிருந்து பற்றரியின் மைனஸுக்கு நேராக ஒரு வயர் இழுங்கள். ஹோல்டரைப் புதிதாகப் போடுங்கள். பீங்கான் ஹோல்டர் கிடைத்தால் நல்லது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழைக்கு எந்தப் பின்னும் பச்சையாகும், ஆகவே பூட்டும் முன் பின்களில் மின் இணைப்புக்கான கிரீஸ் தடவுங்கள்.

இரண்டாவது ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பழைய வயரில் வருகிற மின்சாரம் ரிலேயின் 85, 86 முனைகளை மட்டும் இயக்கட்டும். அதற்கு இருநூறு மில்லி அம்பியர் கூடத் தேவைப்படாது. பற்றரியின் பிளஸிலிருந்து 10 அம்பியர் பியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வந்து, 87ஆம் முனையிலிருந்து பல்புக்குப் புதிய வயரில் போகட்டும். செப்பு வயர், 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்; நடுவழியில் வயர் உரசி எர்த் ஆனால் பியூஸுக்கு முன்னாலுள்ள பகுதியைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ரிலேக்களை மழை படாதபடி முனைகள் கீழ்நோக்கியிருக்கப் பூட்டுங்கள். கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகத் தேவையில்லை, கார் ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மூன்றாவது, முன் விளக்கைப் பெரிதாக்க நினைத்த பணத்தில் பின் விளக்கை மாற்றுங்கள். பிரேக்கின் 21 வாட் பல்புக்குப் பதில் நல்ல எல்.இ.டி. பல்பு போட்டால் மூன்று வாட்டில் முடிந்துவிடும். பிரேக்கைப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் 18 வாட் மிச்சம். உங்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்படுகிற இடத்தில் கிடைக்கிற மிச்சம் அது. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு நிற எல்.இ.டி.யே போட வேண்டும். வெள்ளையைப் போட்டால் வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடி வடித்துவிடும். பகலில் பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் பிடிக்கும்போது பழைய பல்பைவிடக் குறையாமல் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற பஸ்காரருக்கு நாம் தெரிய வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வயர் இழப்பு நீங்கி 13.9 வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் கூடும், பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தரமான எச்.எஸ்.1 பல்பு ஒன்றை எப்போதும் சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள்.

ஒளிப்பாடம் (பண்டாரவளை):

இப்போது பனிமூட்டத்துக்கு வருகிறேன். நம் மலைகளில் வீதியின் மேல் இறங்குவது பெரும்பாலும் மேகம்தான். அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை; ஆகவே எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மஞ்சள் விளக்கு பனியை ஊடுருவும் என்று எல்லோரும் சொல்வதற்கு இயற்பியலில் ஆதாரமில்லை. பிரான்சில் 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்கு கட்டாயமாக இருந்தும், மற்ற பெரும்பாலான நாடுகள் அந்த வழியில் போகவில்லை. நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்கிறது என்பது மட்டும் பலருடைய அனுபவம். அந்த அளவில் மஞ்சளை விரும்புகிறவர்கள் விரும்பலாம்.

பனியில் உதவுவது நிறமும் வாட்டும் அல்ல, ஒளி புறப்படுகிற இடமும் அது பரவுகிற வடிவமும்தான். நம் கண்ணுக்கு அருகிலிருந்து புறப்பட்டு நேர் முன்னால் போகிற ஒளி, துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. ஹை போட்டால் வெள்ளைச் சுவர் எழும்புவதன் காரணம் அது. விளக்கு தாழ்வாக இருந்து, மேல்விளிம்பு கூர்மையாகவும், கதிர் அகலமாகவும் இருந்தால், நாம் பார்க்கிற பாதையிலுள்ள பனி ஒளி பெறாமல் இருக்க, அதற்குக் கீழேயுள்ள தார் மட்டும் ஒளி பெறும். ஆகவே உங்கள் நண்பர் சொன்ன எக்ஸ்ட்ரா லைட், வடிவம் சரியாக இருந்தால், பயனுள்ளதுதான். சந்தையில் அதிகம் விற்கிற, வட்டமாகக் குத்தும் ஸ்பொட் லைட்டாக இருந்தால் அது இரண்டாவது ஹை பீமாகிவிடும். வாங்கும் முன் சுவரில் அடித்துப் பாருங்கள். மேலே தட்டையான கோடு விழ வேண்டும். கோடு ஒரு பக்கம் மேலேறினால் அது இடப்பக்கமா என்று கவனியுங்கள். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு வலப்புறத்தில் மேலேறி, எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும்.

முகப்பு விளக்கின் கோணத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சமமான தரையில் சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் அதில் அமர்ந்திருக்க, டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்திலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். பின்னால் ஆளோ மரக்கறிப் பெட்டியோ வழக்கமாக ஏற்றுகிறவர்கள் அந்தச் சுமையோடுதான் பார்க்க வேண்டும். பின்பக்கம் அமுங்கினால் முன் விளக்கு வானத்தைப் பார்க்கும்.

வளைவில் ஏன் உட்பக்கம் இருட்டாகிறது என்றும் சிலர் கேட்பதுண்டு. வண்டி சாயும்போது அந்த மேல்விளிம்பும் சேர்ந்து சாய்ந்து, திரும்புகிற பக்கத்தில் கீழே விழுந்துவிடுகிறது. 2011இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. கே 1600 ஜி.டி.யில் சாய்வை அளந்து ஒளியைத் திருப்பும் அமைப்பு வைத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் உதவுவது, தாழ்வாகப் பூட்டிய அகலமான இடப்பக்க விளக்குத்தான்.

மூடுபனி (அப்புத்தளை):

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எச்.எஸ்.1 போன்ற ஹாலஜன் பல்பின் சூடு விளக்குக் கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் ஈரத்தை உலர்த்திவிடுகிறது. எல்.இ.டி. மாற்றிய வண்டிகளில் அந்தச் சூடு முன்னால் வருவதில்லை. இங்கே டிசம்பர், ஜனவரியில் இரவு முழுவதும் கண்ணாடிக்குள் வியர்த்தபடியே இருக்கும். பின்பக்க ரப்பர் மூடியை வெட்டி எல்.இ.டி.யின் விசிறிக்கு இடம் விட்டால் தண்ணீரும் உள்ளே போகும். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். எதிர் விளக்கு பட்டதும் ஒவ்வொரு கீறலும் ஒரு நட்சத்திரமாக விரிந்து வீதியை மறைக்கிறது.

இரவுப்பயணி (தலவாக்கலை):

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய ஹோல்டர், நேரடி எர்த், இரண்டு ரிலே, பின்னால் சிவப்பு எல்.இ.டி. ஆகிய அனைத்தும் போட்டாயிற்று. இப்போது ஐட்லிங்கில் டிம்மும் பிரேக்கும் எரிய, பற்றரியில் 12.8, பல்பில் 12.6. மூன்றாம் கியரிலேயே இறங்குகிறேன். விளக்கு துடிப்பது நின்றுவிட்டது. லிந்துலைக்கு மேலே பனி இறங்கியிருந்த இரவிலும் கானின் சிமெந்து விளிம்பு தெளிவாகத் தெரிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. 10 வாட் எல்.இ.டி. ஃபொக் லைட் இரண்டை, தட்டையான விளிம்பு உள்ளதாகப் பார்த்து, கிராஷ் பாரில் பூட்டினால் தாங்குமா?

வயரிங்காரர் (ஹட்டன்):

57 சதவீதத்திலிருந்து 85 சதவீதத்துக்கு வந்திருக்கிறீர்கள் தம்பி, அதே பல்பில் ஒன்றரை மடங்கு வெளிச்சம்.

இரண்டு விளக்கும் சேர்ந்து 20 வாட், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 அம்பியர். கியரில் ஓடுகிறவரை தாங்கும். ஐட்லிங்கில் நிறுத்தி வைத்துக்கொண்டு எரிய விட்டால் பற்றரி இறங்கும். தனி சுவிட்சும் 5 அம்பியர் தனி பியூஸும் போட்டு, சாவியை எடுத்தால் அணைகிற வயரிலிருந்து ரிலேயை இயக்குங்கள். கைப்பிடியில் சிறிய வோல்ட்மீற்றர் ஒன்று பூட்டிக்கொள்ளுங்கள். ஓடும்போது அது 13.2க்கு மேல் காட்டுகிறவரை பற்றரிக்கு வரவு இருக்கிறது, 12.5க்குக் கீழே வந்தால் ஃபொக் லைட்டை அணைத்துவிடுங்கள். இடப்பக்க விளக்கைக் கான் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள். பனி இல்லாத இரவில் இரண்டையும் அணைத்தே ஓட்டுங்கள். மாதத்துக்கு ஒரு முறை பற்றரியின் நீர்மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள்.